கற்பிக்கச் சென்றவர்கள் கற்றுக்கொண்ட மொழி

மாற்கு எழுதிய நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவனும் திக்கிப் பேசுபவனுமான ஒருவனை மக்கள் ஆண்டவரிடம் அழைத்து வரும் நிகழ்ச்சியை நாம் ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். "எப்பத்தா" என்று அவர் மொழிந்த சொல் நம் நினைவில் நிற்கிறது. ஆனால் அச்சொல்லுக்கு முன் அவர் செய்தவற்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் அம்மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார்; அவன் காதுகளில் விரல்களை வைத்தார்; நாவைத் தொட்டார்; வானத்தை அண்ணாந்து பார்த்தார். காது கேளாதவனுக்குப் புரியும் வழி எதுவோ அந்த வழியில், கண்ணுக்கும் தொடுவுணர்வுக்கும் எட்டும்படி, முதலில் அவனோடு உறவாடினார். அது நடந்த இடமும் யூதர்களின் சொந்த நாடன்று. தெக்கப்போலி என்னும் புறவினத்தார் பகுதி.

அந்நிய நாடு, காது கேளாதவன், அவன் வழியில் அவனை அணுகிய போதகர் என்ற இம்மூன்றையும் மனத்திற்கொண்டு, பிறநாட்டுக்குச் சென்று காது கேளாத பிள்ளைகளுக்குத் தொண்டு உள்ளத்துடன் கல்வி அளித்தோரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். நம் பங்குகளிலும் படித்து முடித்த இளைஞரும் இளம்பெண்களும், ஓரிரு ஆண்டுகளை இத்தகைய பணிக்குக் கொடுக்க விரும்புகிறார்கள். அவ்விருப்பம் போற்றத்தக்கதே. அவ்விருப்பத்தோடு அவர்கள் அறிந்து செல்ல வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

சொல் இல்லாத வீடு

காது கேளாத குழந்தைகளுள் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். தாய் தாலாட்டுகிறாள்; குழந்தைக்கு எட்டவில்லை. தந்தை கதை சொல்கிறார். உதடுகள் அசைவதை மட்டுமே குழந்தை காண்கிறது. மற்றப் பிள்ளைகள் நடை பழகும் பருவத்திலேயே நூற்றுக்கணக்கான சொற்களைத் தாமாகவே பொறுக்கிக்கொள்ள, இக்குழந்தையோ பசி, தாகம், வலி ஆகியவற்றைச் சில சாடைகளால் காட்டிக்கொண்டு வளர்கிறது. தன் பெயர் இன்னதென்று அறியாமலே பள்ளி வயதை எட்டிய பிள்ளைகளும் உண்டு.

முற்காலத்தில் இவர்களை "ஊமை" என்றார்கள். அறிவும் குறைந்தவர்கள் என்று எண்ணினார்கள். இரண்டும் தவறு. இவர்களுக்கு அறிவு குறையவில்லை. அறிவு வளர்வதற்கான மொழிதான் கிடைக்கவில்லை. ஆகவே காது கேளாதோர் பள்ளி என்பது ஏனைய பள்ளிகளைப் போல எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் இடம் மட்டுமன்று. பல குழந்தைகள் தம் வாழ்வில் முதன்முறையாக இன்னொரு மனிதரோடு உரையாடும் இடம் அது. அங்கே ஆசிரியராக நிற்பவர், குழந்தைக்கு ஒரு பாடத்தைக் கொடுக்கிறாரா, அல்லது ஒரு மொழியையே கொடுக்கிறாரா என்பதை எண்ணிப் பார்த்தால் அப்பணியின் பொறுப்பு விளங்கும்.

பாரிஸ் நகரின் இரு சகோதரிகள்

ஏறத்தாழ 1760ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்னும் குரு ஏதோ அலுவலாக ஒரு வீட்டுக்குச் சென்றார். அங்கே இரு இளம்பெண்கள் தைத்துக்கொண்டிருந்தனர். அவர் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் தலைநிமிரவேயில்லை. தாய் வந்த பிறகே அவர்கள் காது கேளாத இரட்டையர் என்பது தெரிந்தது. வனேன் என்னும் குரு ஒருவர் திருவுருவப் படங்களைக் காட்டி அவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்து வந்திருந்தார், அவரும் இறந்துவிட்டார். இப்பெண்கள் கடவுளை அறியாமலே வாழ்ந்து மடிவதா என்ற கவலை லெப்பே அடிகளாரைப் பற்றிக்கொண்டது.

அவருடைய முறையின் சிறப்பு என்னவென்றால், மாணவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளை அவர் முதலில் கற்றார். அக்கால அறிஞர் பலர் வெறும் கைவீச்சு என்று ஒதுக்கியதில் அவர் ஒரு மொழியைக் கண்டார். அதனோடு பிரெஞ்சு இலக்கணத்துக்கென்று தாமாகவே பல சைகைகளை உண்டாக்கிச் சேர்த்தார். அவர் உண்டாக்கியவை சுமையாக இருந்ததால் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. பிள்ளைகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதோ இன்றும் வாழ்கிறது. 1789இல் அவர் இறந்தபின், 1791இல் அவரது பள்ளியை நாடே ஏற்று நடத்தத் தொடங்கியது.

52 நாள் கடற்பயணம்

அப்பள்ளியில் வளர்ந்தவர் லோரான் கிளேர். 1785இல் பிறந்த அவர் தாமும் காது கேளாதவர். மாணவராய்ச் சேர்ந்து அங்கேயே ஆசிரியரானவர். அமெரிக்காவில் காது கேளாதோர்க்கு ஒரு நிலையான பள்ளி இல்லாதிருந்த காலம் அது. ஆலிஸ் காக்ஸ்வெல் என்னும் சிறுமியின் நிலை கண்டு, அவளுடைய தந்தையும் நண்பர்களும் தாமஸ் ஹாப்கின்ஸ் காலொடெட் என்னும் இளம் போதகரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் பாரிசுக்கு வந்து கிளேரைச் சந்தித்து, தம்மோடு அமெரிக்காவுக்கு வரும்படி அழைத்தார்.

தாய் மண்ணையும் தாயையும் பிரிந்து, ஆங்கிலம் அறியாத 30 வயது இளைஞர் கடல் கடக்க இசைந்தார். மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. காலொடெட் புரோட்டஸ்டாண்டு சபையைச் சார்ந்தவராதலின், கத்தோலிக்க மறைக்கு மாறான எதையும் கற்பிக்குமாறு கிளேரைக் கேட்கலாகாது என்றொரு நிபந்தனையும் அதில் இடம் பெற்றது. 1816 ஜூன் மாதம் புறப்பட்ட கப்பல் 52 நாள் கழித்து நியூயார்க்கை அடைந்தது. அந்த 52 நாளும் வீணாகவில்லை. கிளேர் காலொடெட்டுக்குச் சைகை கற்பித்தார்; காலொடெட் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கப்பலின் தளத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக இருந்தார்கள்.

1817 ஏப்ரல் 15ஆம் நாள் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஏழு மாணவருடன் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் தத்தம் ஊர்களிலிருந்து கொண்டு வந்த சைகைகளும் கிளேரின் பிரெஞ்சுச் சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று. மூன்றாண்டுக்கென்று வந்த கிளேர் 1858 வரை அங்கே கற்பித்தார். அவரிடம் பயின்றோர் பிற மாநிலங்களுக்குச் சென்று பள்ளிகளில் ஆசிரியரானார்கள். காது கேளாத ஒருவர், காது கேளாத பிள்ளைகளுக்காகப் பிறநாடு சென்று செய்த அப்பணியின் பயன் இரு நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது.

நியூகாசிலுக்கு வந்த அருட்சகோதரி

நம் திருச்சபையின் கன்னியரிடையேயும் இத்தகைய ஒருவர் உண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே காப்ரா என்னுமிடத்தில் தொமினிக்கன் கன்னியர் 1846இல் காது கேளாத சிறுமியர்க்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். பள்ளி தொடங்குமுன் இரு கன்னியர், காது கேளாத இரு சிறுமியரையும் உடன் அழைத்துக்கொண்டு, பிரான்சு நாட்டுக் கான் நகரிலிருந்த மடத்துப் பள்ளிக்குச் சென்று பயிற்சி பெற்றார்கள். கற்பிக்குமுன் கற்கச் சென்ற அவர்களுடைய தாழ்ச்சி நம் கவனத்துக்குரியது.

அப்பள்ளியில் பயின்றவர் எல்லன் ஹோகன். 1842இல் பிறந்து, சிறு வயதில் நோயால் கேட்கும் ஆற்றலை இழந்தவர். அவர் தொமினிக்கன் சபையில் சேர்ந்து அருட்சகோதரி மேரி கபிரியேல் ஆனார். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரிலிருந்த அச்சபைக் கன்னியர்க்குக் காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியை தேவைப்பட்டபோது, 1875இல் அவர் கடல் கடந்து அங்கே சென்றார். அதன்பின் 1915இல் இறக்கும்வரை அந்நாட்டிலேயே உழைத்தார். நியூகாசிலில் தொடங்கிய பள்ளி பின்னர் வராட்டா என்னும் பகுதிக்கு மாறி வளர்ந்தது.

அவர் கொண்டு சென்ற அயர்லாந்துச் சைகைகள் ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பரவின. அயர்லாந்து முறையில் எழுத்துகளை ஒரு கை விரல்களால் காட்டுவர். அந்நாட்டின் ஏனைய பள்ளிகளிலோ இங்கிலாந்தினின்று வந்த இரு கை எழுத்துகள் வழங்கின. ஆகவே ஒரே நகரில், கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவரும் அரசினர் பள்ளியில் படித்தவரும் இருவேறு மொழிகளைப் பேசினர். வெளிநாட்டு ஆசிரியர் தம் அன்போடு தம் மொழியையும் கொண்டு வருகிறார் என்பதற்கும், அதன் விளைவு அவர் எண்ணியதைவிட நெடுங்காலம் நிற்கும் என்பதற்கும் இது சான்று. அந்த அயர்லாந்துச் சைகைகளை இன்று அந்நாட்டில் முதியோர் சிலரே அறிவர்.

மிலான் நகரில் கட்டப்பட்ட கைகள்

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியைப் பற்றி ஒரு மாநாடு கூடியது. அதில் வாக்களித்தோர் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்களே. சைகையை விலக்கி, பேச்சாலும் உதட்டசைவைப் பார்ப்பதாலும் மட்டுமே கற்பிக்க வேண்டுமென்று அவர்கள் தீர்மானித்தார்கள். அதன் பயனாக நாடு தோறும் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சைகை காட்டிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். காலப்போக்கில் கன்னியர் பள்ளிகளும் சைகையைக் கைவிட்டன. அக்கன்னியரும் ஆசிரியரும் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே நம்பினார்கள். ஆனால் பிள்ளைகளைக் கேட்கவில்லை.

அத்தீர்மானத்துக்காக வருந்துவதாக 2010இல் வான்கூவர் நகரில் கூடிய அதே வகை மாநாடு அறிவித்தது. இடையில் 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பறையில் கைகட்டி அமர்ந்திருப்பார்கள்!

ஆப்பிரிக்காவில் ஒருவர்

ஆண்ட்ரூ ஃபாஸ்டர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1925இல் பிறந்த கறுப்பினத்தவர். 11 வயதில் மூளைக்காய்ச்சலால் செவிப்புலனை இழந்தார். காலொடெட்டின் பெயர் தாங்கிய வாஷிங்டன் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. ஆப்பிரிக்க நாடுகளில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் மிகக் குறைவு என்றறிந்து, 1957இல் கானா நாட்டுக்குச் சென்றார். அக்ரா நகரில், வேறொரு பள்ளியின் கட்டடத்தில், அப்பள்ளி மாணவர் வீடு திரும்பிய பின் மாலை வேளையில் தம் வகுப்பைத் தொடங்கினார். 1987இல் ருவாண்டா நாட்டில் விமான விபத்தில் இறக்குமுன், 13 நாடுகளில் 32 பள்ளிகளை நிறுவியிருந்தார். ஃபாஸ்டர் நம் திருச்சபையினர் அல்லர். ஆயினும் அவரது ஈகம் நம் வணக்கத்துக்குரியது. ஊரார் கண்ணில் படாமல் வீட்டுக்குள் மறைக்கப்பட்ட பிள்ளைகளை அவர் தேடிச் சென்றார். தம்மிடம் பயின்ற ஆப்பிரிக்கரையே ஆசிரியராக்கினார்.

ஆனால் அங்கும் வராட்டாவில் கண்டதையே காண்கிறோம். அவர் கொண்டு சென்ற அமெரிக்கச் சைகைகள் மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் வேரூன்றின. கானாவில் அடமரோபே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பரம்பரையாகப் பலர் காது கேளாதவர்களாய்ப் பிறந்தமையால், ஊரார் அனைவரும் பயன்படுத்தும் சைகை மொழி ஒன்று பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தது. அவ்வூர்ப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குச் சென்று வேறு சைகைகளைக் கற்றுத் திரும்பியபின், பாட்டன் பாட்டியரின் சைகை மொழி தேய்ந்துவருகிறது. பள்ளி தந்த நன்மை பெரிது. இழந்ததும் சிறிதன்று. இரண்டையும் ஒருங்கே நினைப்பதே நேர்மை.

பிள்ளைகள் படைத்த மொழி

மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டில் 1977க்குப் பின் சில ஆண்டுகளில், தனித்தனியே வீடுகளில் கிடந்த காது கேளாத பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பள்ளிகளில் கூடினார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவால் கற்பிக்க முயன்றார்கள், அதிகப் பயனில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகள் தம் வீட்டுச் சாடைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். பின்னால் சேர்ந்த சிறுவர் அவற்றைச் செப்பமாக்கினார்கள். இலக்கணம் அமைந்த புதிய மொழி ஒன்று பிறந்துவிட்டது! ஆசிரியருக்கு அது புரியவில்லை. 1986இல் அமெரிக்காவினின்று ஜூடி கெகல் என்னும் மொழியியலார் வரவழைக்கப்பட்டார். பிள்ளைகளிடம் ஒரு மொழி இருக்கிறது என்பது அதன்பின்னரே உலகுக்குத் தெரிந்தது. வகுப்பறையில் தோல்வி கண்ட பிள்ளைகள், திடலில் ஒரு மொழியையே படைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று செல்பவர் கவனிக்க வேண்டியவை

இவ்வரலாறுகளிலிருந்து இன்று செல்ல விரும்புவோர்க்கு நாம் என்ன சொல்லலாம்?

முதலாவது, அந்நாட்டுச் சைகை மொழியைக் கற்க வேண்டும். சைகை மொழி உலகெங்கும் ஒன்றே என்று பலர் எண்ணுகிறார்கள்; அது உண்மையன்று. இந்தியச் சைகை மொழி அறிந்தவர் கென்யாவில் ஒரு குழந்தையின் கதையை முழுதும் புரிந்துகொள்ள முடியாது. கென்ய நாடு 2010ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில் தன் சைகை மொழிக்கு நாடாளுமன்றத்திலேயே இடம் கொடுத்தது. பிலிப்பீன் நாடு 2018இல் தன் சைகை மொழிக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. விருந்தினராய்ச் செல்லும் நாம் அவற்றை மதிக்க வேண்டாமா?

இரண்டாவது, காலம். அமெரிக்க அரசின் அமைதிப் படையினர் பணியில் அமருமுன் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்று, இரண்டாண்டு தங்குகிறார்கள். முதல் ஆறு மாதம் ஆசிரியரைவிட மாணவர்களே அதிகம் கற்பிப்பார்கள். ஆகவே ஒரு மாதம், இரு மாதம் என்று செல்பவர் வகுப்பை ஏற்காமல், விடுதியிலும் சமையலறையிலும் தோட்டத்திலும் உதவுவதே நலம். விடுதிப் பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டைப் பிரிந்து ஏங்குபவர்கள். தம்மோடு பேசக் கற்றுக்கொண்ட ஒருவர் சட்டென்று மறைவது அவர்களுக்கு இன்னொரு பிரிவு. போகும் நாளை முன்னதாகவே சொல்லி, அவர்களுக்குப் புரியும்படி விடைபெற வேண்டும்.

மூன்றாவது, வகுப்பறைப் பழக்கம். கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவது நம் ஆசிரியர்களின் வழக்கம். அங்கே முதுகைக் காட்டிய கணமே பாடம் நின்றுவிடும். எழுதி முடித்துத் திரும்பி, பிறகே சைகை காட்ட வேண்டும். சன்னலுக்கு முன் நின்றால் வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணைக் கூசச் செய்து, ஆசிரியரின் முகத்தை இருளாக்கும். ஒருவர் கையை ஒருவர் காணும்படி பிள்ளைகளை அரைவட்டமாக அமர்த்த வேண்டும். அழைப்பதற்குத் தோளை மெல்லத் தொடலாம். விளக்கை அணைத்து ஏற்றலாம். மரத்தளமாயின் காலால் தட்டலாம். இவற்றைப் புத்தகத்தில் தேட வேண்டாம், பிள்ளைகளே திருத்துவார்கள்.

நான்காவது, பெற்றோர். விடுமுறைக்கு வீடு செல்லும் பிள்ளை, பள்ளியில் வாய்த்த உரையாடலை மீண்டும் இழக்கிறது. தாயும் தந்தையும் அண்ணன் தங்கையரும் சில நூறு சைகைகளைக் கற்றாலும் அவ்வீட்டின் நிலை மாறும். பெற்றோர்க்கு வகுப்பு நடத்தும் பள்ளிக்குத் துணை நிற்பது, பிள்ளைக்கு நடத்தும் பாடத்துக்குக் குறைந்த பணியன்று.

ஐந்தாவது, அந்நாட்டுக் காது கேளாதோரையே ஆசிரியராக்குவது. வெளிநாட்டுத் தொண்டர் இலவசமாய்க் கிடைக்கிறார் என்பதற்காக, உள்ளூர்க் காது கேளாத இளைஞர் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய இடம் பறிபோகுமானால், அது தொண்டாகாது. தன்னைப் போலவே காது கேளாத ஒருவர் ஆசிரியராய் நிற்பதைக் காணும் பிள்ளை, தானும் வளர்ந்து ஒருவராகலாம் என்பதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. கிளேரும் கபிரியேல் அம்மையாரும் ஃபாஸ்டரும் அதனாலன்றோ வெற்றி கண்டார்கள்?

நம்மிடம் வந்தவர்கள்

பிறர் நாட்டுக்குச் செல்வதைப் பேசும் நாம், நம் நாட்டுக்கு வந்தவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி தொடங்கிய ஃபுளாரன்ஸ் சுவேன்சன் அம்மையார் இங்கிலாந்திலிருந்து வந்த புரோட்டஸ்டாண்டு ஊழியர். அவர் பெயரால் அப்பள்ளி இன்றும் வழங்குகிறது. நாம் பெற்ற கடனை வேறொரு நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருப்பிச் செலுத்துவது முறையே.

ஆயினும் கடல் கடக்குமுன், நம் பங்கிலேயே ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் அமர்ந்து, மறையுரை முடியும்வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் இருக்கிறானா என்று பார்ப்போமா? புதுதில்லியில் 2015இல் அரசு நிறுவிய இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் நம் நாட்டுச் சைகைகளுக்கு அகராதி வெளியிட்டுள்ளது. அவன் பெயரையும் நம் பெயரையும் சைகையில் சொல்லக் கற்பது நமக்கு அரை மணி நேர வேலை.

காது கேளாதோரிடையே ஓர் இனிய வழக்கம் உண்டு. புதிதாய் வந்தவர்க்கு அவர்களே ஒரு சைகைப் பெயர் சூட்டுவார்கள். சிரிக்கும்போது விழும் கன்னக்குழி, மூக்குக்கண்ணாடி, தலைமுடியை ஒதுக்கும் பழக்கம் என ஏதேனும் ஒன்று பெயராகும். அப்பெயரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது; கேட்டுப் பெறுவதும் அழகன்று. அவர்களோடு இருந்து பழகியபின் ஒருநாள் அவர்களே தருவார்கள். வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் சான்றிதழையும் நிழற்படங்களையும் கொண்டு வருவதைவிட, அத்தகைய ஒரு பெயரைப் பெற்று வரவும், தாம் நின்ற இடத்தில் அந்நாட்டுக் காது கேளாத ஆசிரியர் ஒருவரை நிறுத்தி வரவும் ஆண்டவர் அருள்புரிவாராக!